மொய் நோட்டிலிருந்து ஒரு வம்ச மரம்
எட்டாம் வகுப்பில் குடும்ப வரலாறு கற்பித்த அனுபவம்

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் கட்டங்கள் அச்சிட்டிருந்தன. கீழே 'நான்', அதற்கு மேலே 'அப்பா', 'அம்மா', அதற்கு மேலே தாத்தா பாட்டிகளுக்கு நான்கு கட்டங்கள். "வீட்டில் கேட்டு நிரப்பிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். வரலாற்று ஆதாரங்கள் பற்றிய பாடத்துக்கு இது நல்ல செயல்பாடாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் பாதிப் பேர் தாளைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர்களிலும் பலர் இரண்டு மூன்று கட்டங்களோடு நிறுத்தியிருந்தார்கள். ஒரு மாணவி பள்ளிக்கே வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய தாய்மாமன் வந்தார். "டீச்சர், அந்தப் புள்ளைக்கு அப்பா இருக்காரு, ஆனா வீட்டுல இல்ல. அந்தக் கட்டத்துல என்னா எழுதுறதுன்னு ராத்திரி பூரா அழுதுச்சு" என்றார். அவர் கோபப்படவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. தவறு என்னுடையது. ஒரே மாதிரிக் குடும்பத்தை மனத்தில் வைத்து நான் தாள் தயாரித்திருந்தேன்.

அந்தச் செயல்பாட்டை அத்தோடு விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் கீரமங்கலம் பகுதியில் எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பூப்பறிக்கும், தென்னந்தோப்பில் வேலை செய்யும், கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள். 'வரலாறு என்றால் ராஜாக்களுக்கு உள்ளது, நமக்கு இல்லை' என்ற எண்ணம் அவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்றால் குடும்ப வரலாற்றை விட நல்ல வழி இல்லை. எனவே திருத்தி, வேறு விதமாக, ஆறு பாடவேளைகளில் மீண்டும் செய்தேன். அந்த அனுபவத்தை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தின் கூலியாளும் நம் ஊர்க் கூலியாளும்

முதல் பாடவேளையில் ஓர் ஒப்பீட்டோடு தொடங்கினேன். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து விவசாயக் கூலியின் கொள்ளுப்பேரன் தன் முன்னோரைத் தேடினால் என்ன கிடைக்கும்?

அங்கே 1538 முதல் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. 1837-இல் பிறப்பு, இறப்பு, திருமணத்துக்கு அரசுப் பதிவு தொடங்கியது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஒவ்வொருவர் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்டன. விவசாயக் கூலிகள் அவ்வளவு பேர் இருந்ததால் கணக்கெடுப்பாளர்கள் அந்தத் தொழிலை 'ஏஜி லேப்' என்று சுருக்கி எழுதினார்கள். நூறாண்டு கடந்த கணக்கெடுப்புத் தாள்களை இப்போது யாரும் பார்க்கலாம். போதாததற்கு, குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் வருகிறது. ஆகவே நிலமில்லாத ஏழையின் பெயரையும் ஐந்தாறு தலைமுறைக்குப் பின்னோக்கித் தேட முடிகிறது.

நம் நிலை வேறு. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1886-லேயே ஒரு சட்டம் வந்தாலும், பதிவு எல்லோருக்கும் கட்டாயம் என்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 1969-இல்தான். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் விவரங்கள் இரகசியம். தாத்தாவின் பெயரை அதில் போய்ப் பார்க்க முடியாது. நிலம் இருந்த குடும்பத்துக்குப் பட்டாவும் பத்திரமும் இருக்கும். கூலிக் குடும்பத்துக்கு அதுவும் இல்லை. நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. முன்னெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப நம்ம வீட்டையெல்லாம் யாரு டீச்சர் எழுதி வச்சிருப்பா?" அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அன்றைய வகுப்பை முடித்தேன். விடையை வீட்டில் தேடிக்கொண்டு வரச் சொன்னேன்.

பெட்டிக்குள் இருந்த ஆவணங்கள்

இரண்டாம் பாடவேளைக்கு ஒரு மாணவி மொய் நோட்டைக் கொண்டுவந்தாள். நான் எதிர்பார்க்காதது அது.

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பதை இப்பகுதி ஆசிரியர்கள் அறிவார்கள். கறி விருந்து வைத்து, வருபவர்கள் எழுதும் மொய்யை நோட்டில் பதிந்து, பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்வது வழக்கம். திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதால் யார் என்று குழப்பம் வரக் கூடாது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் ஊர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சேர்த்து எழுதுவார்கள். தாய்மாமன் செய்முறை தனியாக இருக்கும். யார் பங்காளி, யார் மாமன் மச்சான், எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஒரு நோட்டிலேயே தெரிகிறது. இங்கிலாந்துக் கிராமத்துக்குத் தேவாலயப் பதிவேடு எப்படியோ, எங்கள் பகுதிக்கு மொய் நோட்டு அப்படி. தொகை குடும்பத்தின் சொந்த விஷயம் என்பதால் அந்தப் பக்கத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பெயர்களை மட்டும் பார்த்தோம்.

அதன்பின் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்:

1. பழைய கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. இவற்றில் தாத்தா பெயர், ஊர், தாய்மாமன்கள், பெரியப்பா சித்தப்பாக்கள் வரிசையாக இருப்பார்கள். தேதியும் இருக்கும். சிலவற்றில் தமிழ் ஆண்டு மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதைச் சொல்ல வேண்டும். 'பிரபவ' என்றால் 1927-ஆ, 1987-ஆ என்று பார்த்துத் தெளிய வேண்டும்.

2. பழைய வாக்காளர் பட்டியல். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் கிடைக்கும். 1989-க்கு முந்தைய பட்டியலில் 21 வயது நிரம்பாதவர்கள் இருக்க மாட்டார்கள். வாக்களிக்கும் வயது 18 ஆனது அந்த ஆண்டில்தான்.

3. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. இதை மாணவர்களிடம் கொடுக்கவே கூடாது. பிறருடைய சாதி விவரங்கள் அதில் இருக்கும். வீட்டார் கேட்டுக்கொண்டால், தலைமையாசிரியர் அனுமதியுடன் ஆசிரியரே பார்த்து, அந்த ஒரு வரியில் உள்ள பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள் ஆகியவற்றை மட்டும் சொல்லலாம்.

4. குலதெய்வக் கோயில். சிவராத்திரிக்கு எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டால், குடும்பம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும்.

5. வீட்டுப் பெயர். 'ரங்கூன்கார வீடு', 'சிலோன்கார வீடு', 'மலாயாக்கார வீடு' என்று எங்கள் பகுதியில் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் பெயரே ஒரு தலைமுறையின் பயணத்தைச் சொல்கிறது.

ஆவணங்கள் எப்படி அழிகின்றன என்பதும் அன்று பேச்சில் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயலில் இந்த வட்டாரத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசினோம். கூரை பறந்த வீடுகளில் டிரங்குப் பெட்டியும் நனைந்தது. "எங்க தாத்தா நோட்டு அதுலதான் டீச்சர் ஊறிப்போச்சு" என்று மூன்று பேர் சொன்னார்கள்.

வயதைக் கண்டுபிடிக்கும் வழி

மூன்றாம் பாடவேளை முழுவதும் காலக்கணக்கு. நம் பெரியவர்களின் பிறந்த தேதியை ஆவணத்தில் பார்த்து அப்படியே நம்ப முடியாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த நாளில் வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய தேதிதான் பலருக்கும் பிறந்த தேதி. பள்ளிக்கே போகாதவர்களுக்கு ஆதார் எடுக்கும்போது சொன்ன வயதுதான் வயது.

அதனால் 'உங்களுக்கு என்ன வயது?' என்ற கேள்வியைத் தவிர்க்கச் சொன்னேன். 'அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்கச் சொன்னேன். இதற்காக வகுப்பிலேயே ஒரு காலக்கோல் தயாரித்தோம்.

1942: பர்மாவிலிருந்து நம் மக்கள் நடந்தே திரும்பியது.
1948 ஜனவரி 30: காந்தியடிகள் மறைவு. அதே ஆண்டு மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது.
1955: தஞ்சைக் கடற்கரையைத் தாக்கிய புயலும் வெள்ளமும்.
1964 டிசம்பர்: தனுஷ்கோடியை அழித்த புயல்.
1974 ஜனவரி 14: புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது.
1977 நவம்பர்: பெரும்புயல்.
1982 ஜூலை 1: எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம்.
1984 அக்டோபர் 31: இந்திரா காந்தி மறைவு.
1987 டிசம்பர் 24: எம்.ஜி.ஆர். மறைவு.
2004 டிசம்பர் 26: சுனாமி.
2018 நவம்பர் 16: கஜா.

'புயலப்ப நான் கைப்புள்ளையாம்', 'இந்திரா காந்தி செத்தப்ப எனக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம்', 'சத்துணவு வந்ததும்தான் என்னயப் பள்ளிக்கூடத்துல போட்டாங்க' என்றெல்லாம் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் காலக்கோலில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்தில் வயது தெரிந்துவிடுகிறது. எந்தப் புயல் என்று மட்டும் மறுபடி கேட்டு உறுதி செய்ய வேண்டும். எங்கள் பகுதிக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. பழைய ஆலங்குடி தாலுகா சமஸ்தானத்தில் இருந்தது. அறந்தாங்கி தாலுகா தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 'ராசா காலத்தில்' என்று ஒருவர் பேசினால் அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று கேட்கலாம்.

'சிலோன்கார வீடு': ஒரு குடும்பத்தின் தேடல்

நான்காம் பாடவேளையில் ஒரு மாணவனின் குடும்பத்தை, அவன் வீட்டார் சம்மதத்துடன், வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆராய்ந்தோம். ஊரில் அவர்களைச் 'சிலோன்கார வீடு' என்பார்கள். அவன் வரைந்த மரத்தில் அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஆண்கள் மூன்று பேர். தாத்தாவின் பூர்வீகம் துறையூர்ப் பக்கம் என்று எழுதியிருந்தான். அப்படியானால் இவர்கள் ஏன் கீரமங்கலம் பக்கம் இருக்கிறார்கள்? அவனுக்குத் தெரியவில்லை. "அப்பாயிகிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்றான்.

அப்பாயி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தனுப்பினார். அதில் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் இருந்தன. இது ரேஷன் அட்டை இல்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு அங்கே கொடுத்த அட்டை. 1977 என்று தேதி. அப்பாயிக்கு வயது 29. சொந்த ஊர் என்ற இடத்தில் ஆலங்குடி தாலுகாவில் ஓர் ஊர்.

இந்த இடத்தில் பாடநூலுக்கு வெளியே போய்க் கொஞ்சம் விளக்கினேன். இலங்கையில் முதலில் காப்பி, பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பக்கத்து ஆட்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டு போனார்கள். 1939 ஆகஸ்ட்டில் இந்திய அரசு கூலித் தொழிலாளர்கள் அங்கே புதிதாகப் போவதைத் தடை செய்தது. இலங்கை சுதந்திரம் பெற்றதும் 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் 1949 தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகவும் ஓட்டற்றவர்களாகவும் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. விடுபட்ட 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த எண்களில் ஒன்று இந்த அப்பாயி என்றதும் வகுப்பு அமைதியானது.

இப்போது பிள்ளைகள் கேள்விகளை எழுதினார்கள். மாணவன் மாலையில் கேட்டு வந்தான். வந்த பதில்களை ஆவணங்களோடு ஒப்பிட்டோம்.

எப்போது வந்தார்? 'கப்பல்ல ராமேஸ்வரம் வந்து எறங்குனோம். ஊருக்கு வந்து குடிசை போட்டு வருசம் திரும்பல, புயல் வந்து தூக்கிட்டுப் போயிருச்சு.' ராமேஸ்வரத்தில் இறங்கியதால் 1964-க்குப் பின்; அதற்கு முன் கப்பல் தனுஷ்கோடிக்கு வரும். புயல் 1977 நவம்பர். அட்டையின் தேதியோடு பொருந்துகிறது.

எப்போது பிறந்தார்? ஆதார் அட்டையில் 1953. மண்டபம் அட்டைப்படி 1948. எது சரி? அவருடைய அப்பா சொன்ன வாக்கியம் ஒன்று அவருக்கு நினைவிருந்தது: 'நம்ம ஓட்டைப் புடுங்குன சமயத்துல பொறந்தவ.' எனவே 1948, 1949-ஐ ஒட்டி என்று முடிவு செய்தோம்.

தோட்டத்துக்கு முதலில் போனவர் யார்? அப்பாயியின் தாத்தா. அப்பாயியின் அப்பா சிறுவனாக அவரோடு போனார். எனவே 1939-க்கு முன். தாத்தாவின் பெயர்? அப்பாயிக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நம் வழக்கம் ஒன்று உதவியது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் அவன். "அப்பாயிக்கு அண்ணன் இருந்தாரா? அவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்?" என்று கேட்டு வரச் சொன்னேன். பதில் வந்தது: 'எங்கண்ணனை எங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிடாது. பெரியவனேன்னுதான் கூப்பிடும். மாமனார் பேராச்சே!' மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் மகனையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அண்ணனின் பெயர் அப்பாயிக்குத் தெரியும். அதுவே தாத்தாவின் பெயர். ஐந்தாம் தலைமுறைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

குடும்பம் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கும் விடை கிடைத்தது. இது தாத்தாவின் ஊரே இல்லை. துறையூர்ப் பக்கம் அவருக்கு யாரும் இல்லாததால், அப்பாயியின் பூர்வீக ஊருக்கு வந்திருக்கிறார்கள். அந்த ஊரும் அப்பாயி அதுவரை பார்த்திராத ஊர்தான். கொழுந்து பறித்தவர் இங்கே மல்லிகையும் கனகாம்பரமும் பறிக்கப் பழகிக்கொண்டார். ஆண்கள் வரிசையை மட்டும் வரைந்த அந்த முதல் மரத்தில் இந்த விடைக்கு இடமே இல்லை. பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

மூன்று வண்ணங்கள்

ஐந்தாம் பாடவேளையில் ஒவ்வொருவரும் தங்கள் மரத்தை வரைந்தார்கள். ஒரு விதி வைத்தேன். எழுத்தில் பார்த்ததை நீல மையில் எழுத வேண்டும். நேரில் பார்த்தவர் சொன்னதைப் பச்சையில் எழுத வேண்டும். 'இப்படிச் சொல்லுவார்கள்' என்று கேள்விப்பட்டதைப் பென்சிலில் எழுத வேண்டும். பிறகு ஆதாரம் கிடைத்தால் பென்சில் எழுத்தின் மேல் மை ஏறும்.

இந்த ஒரு விதி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 'எங்க முப்பாட்டன் ஊருக்கே பெரியாளா இருந்தாராம்' என்ற பெருமைப் பேச்சைப் பழிக்க வேண்டியதில்லை. பென்சிலில் எழுது என்றால் போதும். நீல மையில் உள்ளதும் தவறாக இருக்கலாம் என்பதை அப்பாயியின் ஆதார் வயதைக் காட்டியே விளக்க முடிந்தது. ஆதாரங்களை மதிப்பிடுவது என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

கணக்கு ஆசிரியர் வந்து ஒரு கேள்வி கொடுத்தார். பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, பூட்டன் பூட்டி 8, ஓட்டன் ஓட்டி 16. பத்தாவது தலைமுறையில் எத்தனை பேர்? 1,024. "சொந்தத்தில் கல்யாணம் செய்தால்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அப்பா தன் தாய்மாமன் மகளை மணந்திருந்தால் பூட்டன் பூட்டிகள் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். வரைந்து பார்த்து உறுதி செய்தார்கள். அடுக்கு எண்களை இவ்வளவு ஆர்வத்தோடு அவர்கள் படித்து நான் பார்த்ததில்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

முதல் முறை நான் செய்த தவறிலிருந்து கற்றவை இவை.

அச்சிட்ட கட்டம் கொடுக்காதீர்கள். வெள்ளைத் தாள் கொடுங்கள். 'உனக்குப் பிடித்த ஒரு பெரியவரிலிருந்து தொடங்கு' என்று சொல்லுங்கள். அது அம்மாயியாக இருக்கலாம், வளர்த்த சித்தியாக இருக்கலாம், விடுதிக் காப்பாளராகவும் இருக்கலாம்.

சாதி பற்றிய கேள்வியை வகுப்புக்குள் வர விடாதீர்கள். சில வீட்டுப் பெயர்களும் பட்டப் பெயர்களும் இழிவாகச் சொல்லப்படுபவை. அவற்றை எழுத வேண்டியதில்லை என்று முதலிலேயே கூறிவிடுங்கள்.

சொல்ல விரும்பாததைச் சொல்லாமலிருக்கப் பெரியவர்களுக்கு உரிமை உண்டு. 'வேண்டாம் தம்பி' என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று பயிற்சி கொடுங்கள். தற்கொலை, பிரிவு, ஊர்விலக்கு, கடன் எல்லாம் எந்தக் குடும்பத்திலும் இருக்கும்.

மரங்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். எத்தனை தலைமுறை என்று எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். ஒரு கேள்வியை எப்படிக் கேட்டான், இரண்டு ஆதாரங்களை எப்படி ஒப்பிட்டான் என்பதை மதிப்பிடுங்கள். நான்கு பேரின் பெயரை மட்டும் கண்டுபிடித்து, அவற்றைச் சரிபார்த்த மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ஆவணங்களின் அசலைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டுப் பெரியவரே கொடுத்தனுப்பினால் அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் இல்லாத பாட்டிகள்

ஆறாம் பாடவேளையில் எல்லா மரங்களையும் பொதுவாகப் பார்த்தோம். ஒரு குறை எல்லாவற்றிலும் தெரிந்தது. பூட்டன் பெயர் இருக்கிறது. அவர் பக்கத்தில் 'பூட்டி' என்று மட்டும் இருக்கிறது. மொய் நோட்டில் ஆண்கள் பெயர், பத்திரிகையில் ஆண்கள் பெயர். 1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது வட மாநிலங்களில் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே சொன்னதால், சுமார் 28 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள் என்பதை அப்போது சொன்னேன்.

ஒரே ஒரு தாளில் மட்டும் பெண்களின் பெயர்கள் முழுமையாக இருந்தன. சென்ற முறை அழுதுகொண்டு வீட்டிலேயே இருந்த மாணவியின் தாள் அது. அவள் அம்மாயியிலிருந்து தொடங்கியிருந்தாள். அம்மாயி, அம்மாயியின் அம்மா, அவருடைய அம்மா, கீழே அம்மா, சித்தி, அவள். நான்கு பெயர்கள் பச்சை மையில், ஒன்று பென்சிலில், அவளுடையது நீலத்தில். அப்பாவுக்கு ஓரிடம் விட்டு, அதில் பெயரையும் எழுதியிருந்தாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை.

"எங்க அம்மாயிக்கு அவங்க அம்மாயி பேரு தெரியாதாம் டீச்சர். ஆவணத்தான்கோட்டையில அம்மாயியோட அக்கா இருக்காங்க. அவங்களுக்குத் தெரியுமாம். எண்பத்தஞ்சு வயசாச்சு, லீவுல போய்க் கேக்கப் போறேன்" என்றாள்.

"லீவு வரைக்கும் இருக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே போயிட்டு வா" என்றேன். போனாள். பெயரோடு திரும்பி வந்து, பென்சில் எழுத்தின் மேல் பச்சை மையால் எழுதினாள். அந்த மூதாட்டி அடுத்த மாதம் காலமானார்.

வகுப்பில் மற்றவர்கள் இப்போது தங்கள் பூட்டிகளின் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் இதைச் செய்து பாருங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டில் உள்ள மூத்தவரிடம் அவருடைய அம்மாயியின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.